ரெண்டும் பேச மாட்டேங்குது சார்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நான் எழுதுவதில் தப்பு இருந்தால் கமென்ட்டில் திருத்துங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. நான் படித்தது பள்ளிப் படிப்பும் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும்தான். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களிலேயே இடைநிலை ஆசிரியராகவும் கடைசியில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் இருந்து வெளியே வந்தவன். கம்ப்யூட்டர் எனக்கு எமிஸ் பதிவேற்றத்தோடு சரி. அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் சர்வர் கிடைக்கும் என்று விழித்திருந்து ஏற்றிய அனுபவம்.

எங்கள் தெருவில் ஒரு பெண். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது பிசிஏ கடைசி வருடம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் எழுதவில்லை. அப்பா கொத்தனார். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னாம்மா ஆச்சு?"

"ரெண்டும் பேச மாட்டேங்குது சார்."

நான் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, பேசாதவை இரண்டு கம்ப்யூட்டர்கள். அதுவும் நிஜமான கம்ப்யூட்டர்கள் இல்லை. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. போன முறை இதே தாளில் அரியர் விழுந்துவிட்டது. இந்த முறையும் போனால் வருடம் போய்விடும். கல்லூரியில் கேட்டதற்கு, "நெட் சரியா இருக்கான்னு பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதேம்மா" என்றேன்.

"தெரிய வேணாம் சார். நீங்க கேள்வி கேளுங்க, அது போதும்" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். மெய்நிகர் கணினி என்று தமிழில் சொல்கிறார்கள். ஒரே லேப்டாப்புக்குள், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் இரண்டு, மூன்று கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே ஹால். கரும்பலகை ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. இருப்பது ஒரு கூரை, ஒரு வாத்தியார். ஆனால் பதிவேட்டில் அவை தனித்தனி வகுப்புகள்.

அவள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு மெஷினில் நூலகப் புத்தகங்களைக் காட்டும் வலைப்பக்கம். இன்னொரு மெஷினில் புத்தகப் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸ். முதல் மெஷின் இரண்டாவதிடம் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும். இரண்டுமே உபுண்டு சர்வர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சுட்டிக்கு வேலை இல்லை. முதல் மெஷினை நிறுவி எல்லாம் போட்டு முடித்துவிட்டு, நேரம் மிச்சம் என்று அதையே குளோன், அதாவது நகல் எடுத்து இரண்டாவதாக வைத்துக்கொண்டாள். பாதிச் சிக்கல் இந்த இடத்தில்தான் இருந்தது என்பது எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரிதான் தெரிந்தது.

"பேசலைன்னு எப்படித் தெரியும்?"

"பிங் பண்ணிப் பார்த்தேன் சார். பிங் மட்டும் வருது. வேற எதுவும் வரலை."

பிங் என்பது ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது. அது "இருக்கேன்" என்று சொல்லும். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சத்தத்தை வைத்து அந்தப் பெயர். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல். அவருக்கும் அன்றைக்கு நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு, அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினாராம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கோளாறு என்றால் முதலில் எடுப்பது இதைத்தான். வகுப்பில் நாம் பெயர் கூப்பிடுவதும் பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்பதும்தான், வேறொன்றும் இல்லை.

"எங்கே, எனக்குக் காட்டு."

அவள் முதல் மெஷினிலிருந்து இரண்டாவதைக் கூப்பிட்டாள். மளமளவென்று பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்றும் போட்டது. 0.03 மில்லி செகண்ட். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் நூற்றில் மூன்று பங்கு. எனக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"எந்த நம்பரைக் கூப்பிட்டே?"

"10.0.2.15 சார். ரெண்டாவதோட நம்பர்."

"மொதலாவதோட நம்பர் என்ன?"

பார்த்தாள். அதுவும் 10.0.2.15.

"அப்ப அது தன்னையே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லுதும்மா."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு நாளாக அந்த பிங்கை நம்பித்தான் மற்ற இடங்களில் எல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏன் இப்படி என்று அன்று ராத்திரி இரண்டு பேருமாகப் படித்தோம். அவள் செல்போனில் படித்துச் சொல்ல, நான் நோட்டில் படம் போட்டேன். விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின் செய்தால், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், அதை நேட் என்ற முறையில் இணைக்கும். விடுதி வார்டன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பையன் வெளியே கடிதம் எழுதலாம். வார்டன் தன் பெயரில் அனுப்பி, பதில் வந்தால் பையனிடம் கொடுப்பார். அதனால்தான் உள்ளிருந்து இன்டர்நெட் நன்றாக வரும். வெளியே இருந்து ஒருவர் வந்து "அந்தப் பையனைக் கூப்பிடுங்கள்" என்றால் வார்டன் விடமாட்டார். இன்னொரு விசேஷம், இந்த முறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி வார்டன், தனித்தனி அறை. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் கதவே கிடையாது. எல்லா அறையிலும் பையனின் எண் 10.0.2.15 தான். எத்தனை மெஷின் போட்டாலும் அதே எண். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

கல்லூரியில் "நெட் சரியா இருக்கான்னு பாரு" என்றார்களே, நெட் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மெஷினிலும் இன்டர்நெட் ஓடியது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாடத்தை எழுதிப் போடும்போது இரண்டு கட்டமும் நாலு கோடும் வரைந்து காட்டியிருந்தால் போதுமே. அவளுடைய ரெக்கார்டு நோட்டில் பதினெட்டுப் படிகள் வரிசையாக எழுதியிருந்தன. ஒரு படம் இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த முறையில் போட்டால் யார் யாரோடு பேசலாம் என்று கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டுக் காட்டும் அட்டவணை. எனக்கு அந்தக் கையேட்டிலேயே ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டேன். நேட்: வெளியே போகலாம், மெஷினும் மெஷினும் பேச முடியாது. ஹோஸ்ட் ஒன்லி: லேப்டாப்போடும் தங்களுக்குள்ளும் பேசலாம், வெளியே போக முடியாது. பிரிட்ஜ்டு: வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு நிஜக் கம்ப்யூட்டர் போலவே உட்கார்ந்துகொள்ளும். நேட் நெட்வொர்க்: எல்லாரும் ஒரே பெரிய அறை, வாசலில் ஒரே வார்டன். உள்ளே பேசிக்கொள்ளலாம், வெளியேயும் போகலாம்.

சென்னையில் வேலை பார்க்கும் அவள் மாமா மகன் போனில், "பிரிட்ஜ்டு போடு, வேலை முடிஞ்சது" என்றான். தப்பில்லை. ஆனால் பிரிட்ஜ்டில் எண் கொடுப்பது வெளியே இருக்கும் வைஃபை. வீட்டில் அவளுக்குச் செல்போன் ஹாட்ஸ்பாட். கல்லூரியில் வேறு வைஃபை. திங்கட்கிழமை காலையில் அங்கே போனதும் எண் மாறினால், டேட்டாபேஸ் இன்ன எண்ணில் இருக்கிறது என்று எழுதி வைத்ததெல்லாம் பொய்யாகிவிடும். நேட் நெட்வொர்க் என்றால் எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அதன் வீடு அதற்குள்ளேயே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தோம். இதை முடிவு செய்தது அவள்தான், நான் இல்லை. வெள்ளிக்கிழமை பாடம் அதோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். இரண்டு மெஷினையும் நேட் நெட்வொர்க்குக்கு மாற்றி ஓட்டினாள். முதலாவதுக்கு 10.0.2.4. இரண்டாவதுக்கும் 10.0.2.4.

இப்போது ஒரே அறைதானே, ஒரே வார்டன்தானே, எப்படி இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுப்பான்?

இதில் என் பிடிவாதத்தால் அரை நாள் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன். "நகல் சரியா வரலைம்மா. அதை அழிச்சிட்டு மறுபடி எடு" என்றேன். அவள் தயங்கினாள். வாத்தியார் சொல்கிறாரே என்று எடுத்தாள். பழைய லேப்டாப். விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. மின்சாரம் வேறு நடுவில் போனது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே எண். ஓட்டை உள்ள படியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற கதை.

மத்தியானம் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் மேக் எண் என்று ஒன்று உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் செய்யும் கற்பனை அட்டைகளுக்கு அது 08:00:27 என்று தொடங்கும். நகல் எடுக்கும்போது அந்த எண்ணை அப்படியே வைப்பதா, புதிதாகக் கொடுப்பதா என்று ஒரு கேள்வி வருகிறது. நேட்டில் இருக்கும் அட்டைகளின் எண்ணை அப்படியே வைத்துக்கொள் என்பது ஏற்கனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பதில். அவள் முதலில் நகல் எடுத்தபோது மெஷின் நேட்டில்தான் இருந்தது. அதனால் இரண்டுக்கும் ஒரே மேக் எண். இரண்டாவது முறை, நான் சொல்லி அவசரமாக எடுத்ததில், எந்தப் பதில் இருந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. பார்த்தால் அதிலும் ஒன்றாகவே இருந்தது. இரண்டாவது மெஷினை நிறுத்தி, அமைப்பில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சுழல் அம்பை அழுத்தினாள். புது எண் வந்தது.

"இப்ப வந்துடும் சார்."

ஓட்டினாள். 10.0.2.4. இரண்டுக்கும்.

அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப் எங்கள் திண்ணையிலேயே கிடந்தது. என் துணைவியார், "அந்தப் புள்ளைய எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க" என்று என்னைத்தான் திட்டினார்.

ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தாள். சாப்பிட்டு, தலை வாரிக்கொண்டு வந்திருந்தாள். கையில் செல்போன். "சார், மெஷின் ஐடின்னு ஒண்ணு இருக்காம்" என்றாள்.

உபுண்டு நிறுவும்போதே அந்த மெஷினுக்கென்று 32 எழுத்தில் ஒரு அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. எண் கொடுப்பவனிடம் (டிஎச்சிபி சர்வர் என்று பெயர், நமக்கு அலுவலக எழுத்தர் என்று வைத்துக்கொள்வோம்) உபுண்டு சர்வர் போய் நிற்கும்போது மேக் எண்ணைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்லை. அந்த 32 எழுத்திலிருந்து உருவாக்கிய அடையாளத்தைத்தான் காட்டுகிறது. எழுத்தர் பார்க்கிறார். "ஓ, நீயா, உனக்கு ஏற்கனவே 4 கொடுத்திருக்கிறேனே" என்று அதையே கொடுக்கிறார். முகம் வேறாக இருப்பதை அவர் பார்ப்பதில்லை.

"ரெண்டுலயும் அது என்னன்னு படி, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

முதல் மெஷினில் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எழுதினேன். இரண்டாவதைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். நான் எழுதவில்லை, மேல் வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பத்தாவது எழுத்து வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் 32 வரைக்கும் படித்து முடித்தாள். ஒரு எழுத்து மாறவில்லை.

இந்த இடத்தில் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைத்தான் எழுத உட்கார்ந்தேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

1991. ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்பு என்னிடம். ஒரே பெயரில் இரண்டு பையன்கள். இனிஷியலும் ஒன்றே. பதிவேட்டில் 14, 15. காலையில் தலையைக் குனிந்துகொண்டே பெயர் கூப்பிடுவேன். ஒரு முறை கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா". அடுத்த முறை அதே பெயர். "உள்ளேன் ஐயா". புள்ளி வைத்துக்கொண்டே போவேன். நாற்பத்து மூன்று பிள்ளைகள். தலை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சத்துணவு அமைப்பாளர் அம்மா வந்து, "சார், உங்க கிளாஸ்ல வருகை எண்ணிக்கைக்கு தினம் ஒரு தட்டு கொறையுதே" என்றார். அன்றைக்குத்தான் நிமிர்ந்து எண்ணினேன். பதினைந்தாம் எண் இல்லை. பதினான்காம் எண்தான் இரண்டு முறையும் "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருந்தான். பதினொரு நாள்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன்தான் சார் சொல்லச் சொன்னான். பேரை அடிச்சிட்டா திரும்பி வந்து சேர முடியாதாம்" என்றான். பதினைந்தாம் எண்ணின் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால், போகும் முன்பே அவன் அப்பாவிடம் பேசியிருக்க முடியுமோ, பாட்டியிடமாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்க முடியுமோ, தெரியாது. பையன் திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

பொய் சொன்னதற்காகப் பதினான்காம் எண்ணை அன்றைக்கு அடித்தேன். அதையும் எழுதாமல் விடக் கூடாது.

"சார், என்னாச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. மேல சொல்லு."

தீர்வு அரை நிமிடத்து வேலை. இரண்டாவது மெஷினில் அந்தக் கோப்பைக் காலி செய்ய வேண்டும். கோப்பையே அழிக்கக் கூடாது, கோப்பு இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. பிறகு மெஷினை மறுபடி தொடங்கினால் உபுண்டு தானே புதிதாக 32 எழுத்து எழுதிக்கொள்ளும். கூடவே நான் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். நகல் என்பதால் மெஷினின் பெயரும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. எந்தக் கறுப்புத் திரை எது என்று எங்களுக்கே குழப்பம். ஒன்றுக்கு வெப் என்றும் இன்னொன்றுக்கு டேட்டா என்றும் பெயர் மாற்றினாள்.

மறுபடி தொடங்கினாள். வெப்புக்கு 4. டேட்டாவுக்கு 5. பிங் போட்டாள். பதில் வந்தது. இந்த முறை நேரம் 0.03 இல்லை, 0.6, 0.7 என்று வந்தது. வெள்ளிக்கிழமை எழுதி வைத்த எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டால் அவ்வளவு வேகம். பக்கத்து அறைக்குப் போய்வர இவ்வளவு. அந்த எண் அன்றைக்கே எங்களிடம் சொல்லியிருக்கிறது, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நேரத்தையும் சேர்த்தே நோட்டில் எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுலபம் என்று நினைத்தோம். பிங் வருகிறது, ஆனால் வெப் மெஷின் டேட்டாபேஸைக் கேட்டால் பதில் இல்லை. ரொம்ப நேரம் காத்திருந்து, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நின்றது. ஒரு மெஷினில் பல கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவள் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் கதவு 3306. முன்பு ஏதோ ஒரு பயிற்சிக்காக அவளே ஃபயர்வாலை ஓட விட்டிருந்தாள், நகலிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. உபுண்டுவின் அந்தக் காவலாளி பிங்குக்கு மட்டும் வழிவிடுவான். மற்றவர்கள் வந்தால் "போ" என்றுகூடச் சொல்லமாட்டான். பேசாமல் இருந்துவிடுவான். 3306-க்கு அனுமதி கொடுத்தாள்.

இப்போது காத்திருக்கவே இல்லை. உடனே பதில் வந்தது: இணைப்பு மறுக்கப்பட்டது.

அவள் முகம் வாடிவிட்டது. நான் கை தட்டினேன். "மறுபடி தப்பு வந்திருக்கு, கை தட்றீங்களே சார்." "முன்னாடி பதிலே வரலைம்மா. இப்ப வேணாம்னு ஒரு பதில் வந்திருக்கு. அப்ப வாசல் வரைக்கும் போயிட்டோம்." இதை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. வீடு வீடாகப் பிள்ளை சேர்க்கப் போன காலத்தில் கற்றது. கதவே திறக்காத வீடு வேறு, கதவைத் திறந்து "அனுப்ப மாட்டோம்" என்று சொல்கிற வீடு வேறு. இரண்டாவது வீட்டுக்கு மறுநாள் போகலாம்.

மறுத்ததற்குக் காரணம், உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லை நிறுவினால் அது 127.0.0.1 என்ற எண்ணில் மட்டும்தான் காது கொடுக்கும். அது எல்லா மெஷினுக்கும் உள்ள, தன்னைத் தானே குறிக்கும் எண். அதாவது வீட்டுக்குள் இருப்பவர்கள் கூப்பிட்டால் மட்டும் கேட்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி 10.0.2.5-லும் கேட்க வைத்தாள். அடுத்து, இந்த இடத்திலிருந்து வர உனக்கு அனுமதி இல்லை என்றது. பயனரை உள்ளூருக்கு மட்டும் உருவாக்கியிருந்தாள். அதையும் சரி செய்தாள். கடைசியில் லேப்டாப்பின் விண்டோஸ் பிரவுசரிலிருந்து வெப் மெஷினைப் பார்க்க, வார்டனிடம் "8080-ல் வருகிறவரை 4-ஆம் எண்ணின் 80-ஆம் கதவுக்கு அனுப்பு" என்று சொல்லி வைத்தாள். ஃபயர்வாலில் 80 அடைத்திருந்ததை நான் சொல்லாமலே திறந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு, திரையில் பன்னிரண்டு புத்தகங்களின் பட்டியல் வந்தது. அவள் அம்மாவை ஓடிப்போய் அழைத்து வந்து காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா மூணு நாளு?" என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை வந்த எக்ஸ்டர்னல் நல்ல மனிதர் போலிருக்கிறது. எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மெஷினையும் ஏன் சாதாரண நேட்டில் போடலை?" என்று கேட்டாராம். அவள் வாயால் சொல்லாமல் பேப்பரை வாங்கி இரண்டு அறையும் இரண்டு வார்டனும் வரைந்து காட்டியிருக்கிறாள். "யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றாராம். "நாங்களே படிச்சோம் சார்" என்றாளாம். எனக்கு அந்த "நாங்களே" ரொம்பப் பிடித்திருந்தது. தேறிவிட்டாள்.

பதினான்காம் எண்ணைப் பத்து வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். லாரி வைத்திருக்கிறான். காலில் விழ வந்தான், தடுத்துவிட்டேன். சூளைக்குப் போன நண்பனைப் பற்றிக் கேட்க நினைத்தேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள், கேட்கவில்லை. இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பலாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் எண் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் கொடுங்கள். யாரைச் சொல்கிறேன் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை அவளோடு படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்களாம். அவர்களுக்கும் ரெண்டும் பேச மாட்டேங்குதாம். திண்ணையில் பாய் விரித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு லேப்டாப் என்றால் நாலு லேப்டாப்புக்கு ஒரே ஸ்விட்ச் போர்டு போதாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.